கேடயம் போதும், ஓர் ஆளைத் தாருங்கள்: மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், ஆண்டு விழாக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர் கூடி வாழும் இடமெல்லாம் ஒரு சங்கமோ மன்றமோ பேரவையோ இருக்கிறது. ஏறக்குறைய எல்லாருமே ஆண்டுக்கு ஒரு முறை பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை மேடையேற்றிப் பாராட்டுகிறீர்கள். 2014இல் அப்படி ஒரு மேடையில் நானும் நின்றேன். ஒரு கேடயம், ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி, உறையில் 500 ரூபாய். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் தினக்கூலி. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அன்று போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் உட்கார்ந்தாராம். அந்த நாளை எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

இனி சொல்லப்போவது அந்த மேடையிலிருந்து இறங்கிய பிறகு நடந்தது.

மேடையில் இருந்த ஓர் அம்மா, ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கியில் அதிகாரி, கேடயம் கொடுத்துவிட்டு, "அடுத்து என்னம்மா படிக்கப் போற?" என்று கேட்டார். "காமர்ஸ்" என்றேன். ஒரு தாளில் தன் எண்ணை எழுதித் தந்து, "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்றார். அந்தத் தாளை அகராதிக்குள் வைத்தேன். இரண்டரை வருடம் அது அங்கேயே இருந்தது. ஒரு முறைகூட நான் கூப்பிடவில்லை.

ஏன் என்பதை நீங்கள் புரிந்துகொண்டால் இந்த மடலில் பாதி வேலை முடிந்தது. "ஏதாவது வேணும்னா" என்றால், எது வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா நான்காம் வகுப்பு, அப்பா எட்டு. கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். எனக்கு நடப்பது எல்லாருக்கும் நடப்பதுதானா, எனக்கு மட்டும்தானா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. அதோடு, பெரிய உத்தியோகத்தில் இருப்பவரை வேலை நேரத்தில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை எங்கள் வீடுகளில் மரியாதை என்று சொல்லித்தான் வளர்ப்பார்கள்.

எஃப்.ஒய். பி.காமில், அதாவது முதல் ஆண்டில், முதல் செமஸ்டரில் எனக்கு ஏ.டி.கே.டி. (ஊரில் அரியர் என்பது) விழுந்தது, அதுவும் கணக்குப் பதிவியலில். 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு அப்பாவின் பட்டறையில் பல வாரம் வேலையே இல்லை. வீடு அந்த நிலையில் இருக்கும்போது இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது? படிப்பை நிறுத்திவிட்டு எங்காவது வேலைக்குப் போகலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். விற்பதற்காக அகராதியை எடுத்தபோது தாள் கீழே விழுந்தது. கூப்பிட்டேன்.

அக்கா, இப்போது அப்படித்தான் அழைக்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமையே மாட்டுங்காவுக்கு வந்தார். ஃபைவ் கார்டன்ஸில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கல்லூரி கொடுத்த கையேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதைத் திறந்து தேர்வு விதிகள் உள்ள பக்கத்தை என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கலாம், இத்தனை நாளுக்குள், இவ்வளவு கட்டணம் என்று அதில் அச்சிட்டே இருந்தது. ஏழு மாதமாக என் பையில் இருந்த புத்தகம். அதை வாசிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. படிப்பதற்குத் தந்தது பாடப்புத்தகம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நகல் வந்ததும் இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவே இல்லை. மனப்பாடம் செய்திருந்த கணக்கை எண்களை மட்டும் மாற்றி எழுதியிருந்தேன். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, பிறகு ஆங்கில வழி. ஆங்கிலக் கேள்வியை முழுதாக வாசிக்கப் பயந்து, தெரிந்த சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதும் பழக்கம் அப்போது வந்தது. எந்த ஆசிரியருக்கும் அது கண்ணில் படவில்லை. நூறு பேர் உள்ள வகுப்பில் படவும் படாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவருக்கு இருபது நிமிடத்தில் பட்டுவிட்டது.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று வழக்கமாயிற்று. ஒவ்வொரு முறையும் கூப்பிட்டது அவர்தான். நான் கூப்பிட மாட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. வழிகாட்ட விரும்பும் உங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லுங்கள்: எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். நீங்கள் கூப்பிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நெல்லைப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் சித்தி மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்ததால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதே ஆண்டு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சியும் வழிகாட்டுதலும் கிடைக்கின்றன. நான் அதற்கெல்லாம் முன்பே படித்து முடித்தவள், அது வேறு. ஆனால் இன்று தாராவியில் அவள் வயதில் இருக்கும் பிள்ளைக்கும் அவற்றில் எதுவும் கிடையாது, தமிழ்நாட்டில் படிக்காததால். மகாராஷ்டிரத்திலோ சாதிச் சான்று வேண்டும் என்றால் பட்டியல் சாதிக் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாத்தா 1960களில் ரயில் ஏறியிருந்தால் அவ்வளவுதான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. அந்த 47இன் பின்னால் அறுபது, எழுபது ஆண்டு அரசுத் திட்டங்கள் நிற்கின்றன. நாங்கள் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிறோம். எங்கள் பின்னால் நிற்கக்கூடியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடல் மகாராஷ்டிரத் தலைமைச் செயலகமான மந்திராலயாவுக்கும் சென்னைக் கோட்டைக்கும் போகாமல் உங்கள் முகவரிக்கு வருகிறது.

வேலை அனுபவத்துக்கு வருகிறேன்.

2017 மே மாதம். இன்டர்ன்ஷிப் சான்றிதழ் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று வகுப்பில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மாமாவோ அப்பாவின் நண்பரோ ஆபீஸ் வைத்திருந்தவர்கள் அங்கே போனார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. ஓர் அலுவலகத்தில் 3,000 ரூபாய் 'டெபாசிட்' கட்டினால் இரண்டு மாதப் பயிற்சியும் சான்றிதழும் என்றார்கள். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். பத்து நாள் அவர்கள் கொடுத்த பட்டியலில் இருந்த எண்களுக்குப் போன் போட்டேன். பதினோராம் நாள் கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. பணம் போனதைவிட, அக்காவிடம் முன்னாலேயே ஏன் கேட்கவில்லை என்பதுதான் அறுத்தது. கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார், பிறகு அதைத்தான் சொன்னார்: "வேலை குடுக்கிறவங்க காசு கேக்க மாட்டாங்கம்மா."

ஜூலையில் அவருடைய கல்லூரித் தோழர் ஒருவரின் ஆபீஸில் என்னைச் சேர்த்துவிட்டார். மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் ஒரு சி.ஏ. அலுவலகம், ஏழு பேர். காலை 7 முதல் 12 வரை கல்லூரி, மதியம் 1 மணிக்கு ஆபீஸ். மாதம் 4,000 ரூபாய். மும்பையில் காமர்ஸ் வகுப்புகள் பல கல்லூரிகளில் காலையிலேயே முடிந்துவிடுவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம்.

முதல் நாள் சார் ஒரு வங்கிப் பாஸ்புக்கையும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் எடுத்த பிரிண்ட் அவுட்டையும் கொடுத்து, "ரெண்டும் ஒத்து வரல. ஏன்னு பாரு" என்றார். பாடத்தில் இதற்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று பெயர், எனக்கு ஏ.டி.கே.டி. வாங்கித் தந்த பாடத்தில் அதுவும் உண்டு. கை நடுங்கியது. பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அம்மாவின் சுவர் கண்ணுக்குள் வந்தது.

அம்மா முறுக்கு சுற்றும் வேலைக்குப் போகிறவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அடுப்படிச் சுவரில் ஐந்து கிலோவுக்கு ஒரு கோடு, சாக்பீஸால் போட்டு வைப்பார். சனிக்கிழமை முதலாளியின் ஆள் நோட்டோடு வருவார். அவர் நோட்டில் ஒன்பது கோடு, சுவரில் பத்து என்றால் அம்மா சத்தம் போட மாட்டார். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாமாயில் டின்னு தீந்து போச்சுன்னு பாதியில நிறுத்துனோம்லா, மறுநாள் காலையில முடிச்சுக் குடுத்தது எங்க எழுதிருக்கீரு?" என்று நாளும் நேரமும் சொல்வார். ஆள் நோட்டைப் புரட்டுவார். இருக்காது. எழுதிக்கொள்வார். ஒரு பக்கம் பதிந்து மறுபக்கம் பதியாததைத் தேதியோடு தேடிப் பிடிப்பது: வங்கிச் சரிக்கட்டல் என்பது இவ்வளவுதான். அன்று மாலைக்குள் முடித்துக் கொடுத்தேன். சார் நிமிர்ந்து பார்த்து, "எங்க கத்துக்கிட்ட?" என்றார். "எங்க அம்மாகிட்ட சார்" என்றேன். ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பைலை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஏட்டி, இதுக்கா காலேஜு வெச்சிருக்காங்க" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்த நேரமும் ஒரு கொடுப்பினை. 2017 ஜூலை 1ஆம் தேதிதான் ஜி.எஸ்.டி. வந்திருந்தது. முப்பது வருடம் தொழில் பார்த்த சாரும் முந்தாநாள் சேர்ந்த நானும் ஒரே நேரத்தில் படிக்கத் தொடங்கிய சட்டம். "எனக்கும் இது புதுசுதான், வா பாக்கலாம்" என்று அவர் சொல்லக் கேட்டபோதுதான், தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவமானம் இல்லை என்பது எனக்குப் பிடிபட்டது. ஜூலை மாதத்துக்கான முதல் 3பி என்ற ஜி.எஸ்.டி. கணக்குப் படிவத்துக்கு ஆகஸ்ட் 20 கடைசி நாள், அது 25க்குத் தள்ளிப் போனது. அந்த 25ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. தெருவெல்லாம் தாஷா மேளச் சத்தம், ஆபீஸில் நாங்கள் ஏழு பேரும் கணினி முன்னால். இரவு பத்தரைக்குக் கடைசிப் படிவம் ஏறியது. சார் எல்லாருக்கும் மோதகம் வாங்கி வந்து, என்னை வீட்டு முனை வரை கொண்டுவந்து விட்டார். 90 அடி சாலையில் அம்மா நின்றுகொண்டிருந்தார். "எம்பிள்ளை ராத்திரி பத்தரைக்கு ஆபீஸ்ல வேலை பாத்துட்டு வருது" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார், கவலையும் பெருமையும் கலந்து.

இப்போது நிலைமை இன்னும் நெருக்குகிறது. புதிய கல்விக் கொள்கைப்படி ஓ.ஜே.டி. என்ற பணியிடப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) வழிகாட்டுதல் 60 முதல் 120 மணி நேரம் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லெட்டர்ஹெட் வைத்திருக்கும் மாமா இல்லாத பிள்ளை எங்கே போகும்? நான் கட்டிய 3,000 ரூபாயை யாரிடமாவது கட்டப் போகும். 2024இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது முழுநேர மாணவருக்கு அதில் இடமில்லை, 21 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் உறுப்பினர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை ஆடிட்டர்கள், வழக்கறிஞர்கள், கூரியர் ஏஜென்சிக்காரர்கள், மருந்துக் கடை முதலாளிகள், ஓட்டல்காரர்கள், வங்கி மேலாளர்கள்! ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டால் போதும். சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள், சிறிய தொகையானாலும். சம்பளம் இல்லாத வேலைக்கு வரமுடிந்தவர்கள் ஏற்கெனவே வசதியுள்ளவர்கள் மட்டுமே. பட்டம் முடித்த பிள்ளையை அப்ரண்டிஸாக எடுக்கும் நிறுவனங்களுக்கு 2019 விதிகளில் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று வைத்து, தேசியப் பயிலுநர் பயிற்சித் திட்டத்தில் (NATS) அதில் பாதியை மத்திய அரசே திருப்பித் தரும் ஏற்பாடும் இருக்கிறது. நிறுவனம் நடத்தும் உறுப்பினர் பலருக்கு இது தெரிவதில்லை.

மூன்றாவது விஷயம் கேட்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் கேட்கிறேன். பொறுப்பை எங்களிடம் கொடுங்கள்.

கல்லூரியில் என்.எஸ்.எஸ்ஸில், அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தில், சேர்ந்தேன். பத்து மதிப்பெண் சலுகை உண்டு என்பதுதான் காரணம், வேறு லட்சியம் எதுவும் அப்போது இல்லை. ஆண்டுக்கு 120 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம். இரண்டாம் ஆண்டு டிசம்பரில் கர்ஜத் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம் போட்டபோது, நான் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன் என்பதால் சமையல் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் விட்டார். 50 பேர். அரிசிக் கணக்கை நான்தான் போட்டேன். நாள் முழுக்க மண் வெட்டும் பிள்ளைகள் வீட்டில் சாப்பிடுவதைவிட இரண்டு பங்கு சாப்பிடுவார்கள் என்பது என் கணக்கில் இல்லை. நான்காம் நாள் மாலை மூட்டை காலி. கடை நான்கு கிலோமீட்டர், அதுவும் மூடியாகிவிட்டது.

ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "நீதான் பொறுப்பு. என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டார். இருட்டில் இன்னொரு பெண்ணோடு ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த மராத்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி "கிதி ஜண் ஆஹாத்?" என்றார். ஐம்பது என்றதும் ஒரு கணம் யோசித்து, உள்ளே போய் அரிசியும், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய அரிசியும் சேர்த்து ஒரு சாக்கில் கொட்டினார். தலையில் வைத்துக்கொண்டு வந்தோம். மறுநாள் காலைக் கூட்டத்தில் எழுந்து, கணக்குத் தவறியது என்னால், வாங்கிய அரிசி 14 கிலோ, இன்று திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. உட்கார்ந்த பிறகு உடம்பு லேசாக இருந்தது. அதுவரை நான் பொறுப்பு என்பதை மார்க் மாதிரி நினைத்திருந்தேன், நல்லபடி செய்தால் கிடைப்பது என்று. அன்றுதான் தெரிந்தது, தவறின பிறகும் அங்கேயே நிற்பதுதான் பொறுப்பு என்று.

உங்கள் விழாக்களில் மாணவர்களுக்கு என்ன பொறுப்பு கொடுக்கிறீர்கள்? வரவேற்பில் பன்னீர் தெளிக்க, நாற்காலி போட, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட. 18 வயதான மூன்று பேரிடம் அடுத்த பொங்கல் விழாவின் சாப்பாட்டுக் கணக்கைக் கொடுங்கள். படிப்பகம் வைத்திருப்பவர்கள் அதன் சாவியைக் கொடுங்கள். கொஞ்சம் பணம் வீணாகலாம், சாம்பார் தீர்ந்தும் போகலாம். பக்கத்தில் நின்று, "என்ன பண்ணப் போற?" என்று கேளுங்கள்.

இதே மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியவர்கள், பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று நினைத்தார்கள், கட்டினார்கள். இன்று கட்டடம் இருக்கிறது, கல்லூரியில் இடமும் கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகு கூட நடக்க ஆள் இல்லை.

நான் இப்போது அந்தேரியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சந்திலிருந்து கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சந்திக்கிறேன். ஒருத்தி போன மாதம்தான் முதன்முறையாக அவளாகக் கூப்பிட்டாள். பதினான்கு மாதம் நான் கூப்பிட்ட பிறகு. இன்னும் ஐந்து பிள்ளைகள் கேட்டு நிற்கிறார்கள். என் ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பாராட்டு விழாவில் கேடயத்தோடு ஓர் உறுப்பினரின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், மூன்று வருடத்துக்கு. அந்த உறுப்பினர் மேடையிலேயே பிள்ளையின் எண்ணையும் வீட்டு முகவரியையும் வாங்கிக்கொள்ளட்டும். முதல் ஞாயிறு எது என்று அங்கேயே முடிவாகட்டும். பட்டியல் போட, இருவரையும் சேர்த்து வைக்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை விசாரிக்க, அந்த எழுத்து வேலையை எந்த அமைப்புக்காக வேண்டுமானாலும் நான் செய்து தருகிறேன். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேர்வு முடிவுகள் மே, ஜூன் வாக்கில் வந்துவிடும். விழாவுக்கு மண்டபம் பேசும் முன் உங்கள் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். எந்த ஞாயிறு கூப்பிட்டாலும் நேரில் வந்து விளக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
தாராவி 90 அடி சாலையில் வளர்ந்த ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரி